பொடி கரையும் மட்டும்

டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டக். பிறகு பீங்கானில் எதையோ வைத்துத் தேய்க்கிற கரகரப்பு. கண்ணை மூடிப் பெஞ்சில் சாய்ந்திருந்த சந்தியாகுவுக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. ராத்திரி முழுக்க ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாரை உடைக்கிற மெஷினோடு நின்றுவிட்டு வந்த காதுக்குள் அந்த இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் இந்தச் சின்னச் சத்தம் அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடுகிறது, அசந்து தூங்குகிறவளுக்கும் தன் பிள்ளையின் முனகல் மட்டும் கேட்டுவிடுகிற மாதிரி. திரைக்கு அந்தப் பக்கம் முத்துக்கனி சிஸ்டர் மாத்திரையை உடைக்கிறாள். முழுசாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடுகிறார்கள் என்பதால் பொடித்துத்தான் கொடுப்பது. பொடியை ஒதுக்க முடியாது. பொடி யாருக்கும் காத்திருக்காது. ராத்திரி உடைத்ததும் வெள்ளை, காலையில் உடைபடுவதும் வெள்ளை, இரண்டும் கரைகிற சாதிதான், ஒன்று மீனைக் கெடாமல் வைக்கும், ஒன்று என்னைக் கெடாமல் வைக்கும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் மனைவி ரெஜினா இருக்கிறாள், சொல்லலாம், ஆனால் சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள், "மீனும் நீங்களும் ஒண்ணா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள். அவள் இன்றைக்கு வந்திருக்கிறாள் என்பதே ஒரு மாதிரி இருந்தது. தினமும் கம்பெனியிலிருந்து நேரே ஒற்றை ஆளாக வந்து, வாங்கி, உட்கார்ந்து, போய்விடுகிற இடம். நேற்று சிஸ்டர்தான், நாளைக்கு வரும்போது அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க என்றாள். எதற்கென்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ராத்திரி பூராவும் அதே நினைப்பு. கூட்டிக்கிட்டு வாங்க. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படிச் சொன்னால் அது நல்லதுக்காகவா இருக்கும்.

"சந்தியாகண்ணே, வாங்க." போய் நின்று வாயைத் திறந்தான், நாக்கை மேலே தூக்கினான், சிஸ்டர் காகிதத்தை மடித்துப் பொடியைத் தட்டிவிட்டாள். "பேசப்படாது, முழுங்கப்படாது, என்ன?" தினமும் சொல்வதுதான், கோயிலில் சாமியார் நன்மை அப்பம் கொடுக்கும்போது ஆளாளுக்குச் சொல்கிற மாதிரி. தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். முதலில் கசப்பு, அதன் அடியில் எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு, பிறகு எச்சில் சுரந்து நாக்கையே மிதக்க வைத்துவிடும். அதுதான் கஷ்டம். மனுஷன் நாள் பூராவும் எவ்வளவு எச்சிலை விழுங்குகிறான் என்பது விழுங்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரியும். பெஞ்சில் இருக்கிற எல்லோரும் இப்படித்தான், உதட்டை இறுக்கிக்கொண்டு, தொண்டையை அசைக்காமல், எதிர்ச்சுவரில் இருக்கிற கொசு படத்தையே பார்த்துக்கொண்டு. வெளியே இவர்களைப் பார்த்தால் ஒவ்வொருவனும் ஊரை விற்றுவிடுகிற வாய்க்காரன். இங்கே வந்தால் ஊமை. பெரியாஸ்பத்திரியின் பின்பக்கத்தில் பழைய எக்ஸ்ரே அறையைச் சுண்ணாம்படித்துச் சர்க்கார் ஏற்படுத்தின இந்த ஊமைப் பெஞ்சில் கையாலேயே ஒரு பாஷை உண்டாகியிருந்தது. விரலை நெற்றியில் வைத்தால் நேற்று தூங்கவில்லை. முழங்காலைத் தட்டினால் கால் குடைகிறது. இரண்டு கையையும் விரித்தால் வேலை கிடைக்கவில்லை. எதிரே இருந்த பெயிண்டர் இசக்கி ரெஜினாவைக் கண்ணால் காட்டிப் புருவத்தைத் தூக்கினான், இன்றைக்கு என்ன விசேஷம் என்று. சந்தியாகு உதட்டைப் பிதுக்கினான்.

இதே இசக்கியைத்தான் அன்றைக்கும் பார்த்தான், பேர் தெரியாமல். போன வருஷம் மழைக்கு முன்னால், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலுக்கு முன்னால் இரண்டு ஜீப் வந்து நின்று, பெட்டி பெட்டியாக இறக்கி ஏற்றி, முதலாளியை நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோய், ஷட்டருக்கு அரக்கு சீல் வைத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை விற்றால் இனி ஜெயில்தான் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே தெருத் தெருவாகப் போனார்கள். சந்தியாகு எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றான். அவனைப் போல இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஆறிப்போன டீயைக் குடிக்காமல், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஓ, இவனுமா, அந்த ஆளுமா, அந்தக் கண்ணாடி போட்ட பெரியவருமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தான். இடுப்பில் ஐஸ் பார் சரிந்து விழுந்த அன்றைக்கு அந்த மெடிக்கல்காரர் நல்ல மனசோடுதான் ஒன்று கொடுத்தார், பாவம், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குள் யாரோ வெந்நீர் ஊற்றினது மாதிரி ஒரு இதம். ராத்திரி பூராவும் ஐஸோடு கிடக்கிறவனுக்கு அந்தச் சூடு எப்படிப்பட்டது என்று எந்த டாக்டருக்குத் தெரியும், இல்லை, தெரியுமோ என்னவோ, தெரிந்துதான் இந்த அறையைத் திறந்தார்களோ. வலி போன பிறகும் அந்தச் சூட்டுக்காகத் தின்றான். பிறகு சூடு வரவில்லை, குளிராமல் இருப்பதற்காகத் தின்றான். ஷட்டரை அடைத்த ராத்திரி கொட்டாவியில்தான் ஆரம்பித்தது. கொட்டாவி, கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், பிறகு காலுக்குள் எறும்பு. கால் தானாக உதைத்தது, சுவரை உதைத்தது, பானையை உதைத்தது. ரெஜினா அவன் காலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள், அலைக்குக் குறுக்கே கல்லைப் போட்டது மாதிரி. மறுநாள் அவள் கையைப் பார்த்தால் நீலம் நீலமாக. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் தண்ணீர் லாரியில் இடித்துக்கொண்டேன் என்றாள். பிடித்துக்கொண்டு போனதும் அதே சர்க்கார்தான், பிறகு ஒரு பொம்பளைப் பிள்ளையை வீடு வீடாக அனுப்பி, ஆஸ்பத்திரியில் அதற்கு மாற்று மருந்து தருகிறோம், போலீஸ் வராது, வாங்க என்று கூப்பிட்டதும் அதே சர்க்கார்தான். ஒரு கையால் அடித்து இன்னொரு கையால் கண்ணைத் துடைக்கிற அம்மாமாரை அவன் பார்த்திருக்கிறான். கோபப்படவும் தெரியவில்லை, கும்பிடவும் தெரியவில்லை.

எச்சில் நிரம்பிவிட்டது. தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி இடம் பண்ணினான். சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ரெஜினாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அக்கா, அவுக வாய் கரையட்டும், அதுக்குள்ள ஒங்ககிட்ட சொல்லிடுதேன். புதுசா உத்தரவு வந்திருக்கு. ஒழுங்கா வாரவங்களுக்கு ஒரு வாரத்து மாத்திரைய மொத்தமா கையில குடுத்தனுப்பலாமாம். தெனம் அலைய வேண்டாம். ஆனா வீட்டுல ஒரு ஆளு பொறுப்பேத்துக்கிடணும். அவங்ககிட்டதான் மாத்திர இருக்கணும், அவங்கதான் தெனம் பொடிச்சி வாயில போடணும். டாக்டர் மொதப் பேரே அண்ணன் பேரத்தான் சொன்னாங்க, ஒரு நாள் தப்புனதில்ல பாத்துக்கிடுங்க." டாக்டர் அவன் பேரைச் சொன்னாராம். சந்தியாகுவின் நெஞ்சு கொஞ்சம் உயர்ந்து உடனே இறங்கியது. அவன் பேரை யாராவது நல்லதுக்கு முதலில் சொல்லி எவ்வளவு காலமாயிற்று. ரெஜினா முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றைக்குக் கூட அப்படி இல்லை. "ஏ சிஸ்டர், நெசமாவா? அப்ப ஓசூர் போலாமா? ஞாயித்துக்கெழம எம் பேரனுக்கு ஞானஸ்நானம். இவியள விட்டுட்டு எப்பிடிப் போகன்னு நான் மக கிட்ட மாட்டவே மாட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன், அவ அழுதிட்டிருக்கா. போலாமா?" "தாராளமா போலாம்." "பூட்டி வச்சிக் குடுக்கேன் சிஸ்டர். எங்க வைக்கணுமோ அங்க வைப்பேன். என்னங்க, கேட்டீயளா?" தோளை உலுக்கினாள். அவன் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குள் கரைந்து முடித்திருந்த இசக்கி சிஸ்டரிடம் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்து, "அண்ணாச்சிக்கு லாட்டரி அடிச்சிட்டு. ஒரு வாரத்துக்கு எங்க மூஞ்சியில முழிக்க வேண்டாம்" என்றான். "ஒம்ம மூஞ்சி என்னத்துக்கு, வாடையே போதும்" என்றாள் ரெஜினா, "பெயிண்டு வாடையா ஒம்ம வாடையான்னே தெரியல." "ரெண்டும் ஏஷியன்... சரி விடுங்க, கம்பெனி பேரச் சொல்லப்படாது" என்று சிரித்தபடி போனான் இசக்கி. சிஸ்டரும் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வாய் திறக்க முடியாதவர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

ஏழு. வாரத்துக்கு ஏழு. சந்தியாகு மனசுக்குள் அதை உருட்டினான். அந்த ஏழு மாத்திரையைத் தனித்தனியாக நினைக்கத்தான் பார்த்தான், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று படிக்கட்டு மாதிரி, ஆனால் அது படிக்கட்டாக நிற்காமல் கொட்டிப்போய் ஒரே குவியலாகக் கிடந்தது. ஏழையும் ஒன்றாகத்தான் பார்க்க முடிந்தது. இந்த மாத்திரை அந்த மாத்திரை இல்லை, இதைக் கூடத் தின்றாலும் அந்தச் சூடு வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது டாக்டருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், கைக்குத் தெரியாது. கை இன்னமும் வேலைக்கு நடுவில் சட்டைப் பைக்குப் போகிறது, வெறும் பைக்கு, போய்த் தடவிவிட்டுத் திரும்புகிறது. அவன் சொல்லிப் போவதில்லை. ரெஜினா பூட்டி வைப்பாளாம். பாவம், அந்த வலி மாத்திரை காலத்திலும் அவள் ஒளித்துத்தான் வைத்தாள். அவன் தேடினதாகவே ஞாபகமில்லை. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பான், கால் ஒரு பக்கமாகப் போகும், கை ஒன்றைத் திறக்கும், அங்கே இருக்கும். வீட்டில் அது இருந்தால் வீடே அதைச் சொல்லிக் கொடுத்துவிடும். இங்கே சிஸ்டரின் பீரோவில் இருக்கும்வரை அது மருந்து. அவன் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கு வேறு பேர். இதை எப்படிச் சொல்வது. சொல்லத்தான் வேண்டும். கரையட்டும், கரைந்ததும் சொல்லலாம். "இந்தா பாருங்க, ராத்திரி அனுப்புனா" என்று ரெஜினா போனைக் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். மகள் ஷெர்லியின் மடி, மஞ்சள் துண்டு, அதற்குள் ஒரு முஷ்டியளவு முகம். பிள்ளை நெற்றியைச் சுருக்கியது, எதையோ யோசித்தது, பிறகு வாயை அகலத் திறந்து முழு உடம்பாலும் ஒரு கொட்டாவி விட்டது. சந்தியாகுவுக்குச் சுரீரென்றது. ஐயோ, என்னுடைய கொட்டாவி, என்று ஒரு நொடி. அப்புறம்தான், இல்லை, அது வெறும் தூக்கம், பிள்ளைகளுக்கு வருகிற வெறும் தூக்கம் என்று புத்திக்கு எட்டியது. இந்த உலகத்தில் கொட்டாவி என்றால் தூக்கம் மட்டும்தான் என்று இருக்கிற ஆட்களும் உண்டு. அந்தக் கொட்டாவி அவனுக்கும் தொற்றிக்கொண்டு வந்தது, தாடை விரியப் பார்த்தது, பல்லைக் கடித்து அடக்கினான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெஜினா அதைப் பார்த்து அழுகிறான் என்று நினைத்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை வெதுவெதுப்பாக இருந்தது. ஓசூரில் குளிருமாம், பிள்ளைக்குக் குல்லா பின்னி வைத்திருக்கிறாள். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பாள். ஷெர்லி வாசலுக்கு ஓடி வருவாள். அப்பா ஒல்லியாயிட்டீங்க என்பாள். பிள்ளையைக் கையில் கொடுப்பாள், இந்தக் கையில். அவள் கொடுக்கும்போது ரெஜினாவின் கைப்பை எங்கே இருக்கும்? கட்டிலில். இல்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில். பார், ஓசூருக்கு இன்னும் போகவே இல்லை, அதற்குள் கை அந்த ஆணி வரைக்கும் போய்விட்டது. பிள்ளையை வைத்திருந்த கை.

பொடி பாதி கரைந்துவிட்டது, கசப்பு இறங்கிப் புளிப்பு மட்டும் நின்றது. இனிக் கொஞ்ச நேரம்தான். முழுக்கக் கரைந்ததும் மெல்லத் தோள் இறங்கும், மூச்சு நீளும், கொசு படம்கூட அழகாகத் தெரியும். தினமும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பான். இன்றைக்கு முதல் தடவையாக அதைப் பார்த்துப் பயந்தான். சமாதானமாகிவிட்ட மனசு எதற்கும் சரி என்றுதான் சொல்லும். அப்புறம் சொல்லலாம் என்று இருந்தால் அப்புறம் இருக்கிறவன் வேறு ஆள், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொல்கிற ஆள், இத்தனை வருஷமும் ஒவ்வொரு தடவையும் சரி சரி என்றவன் அவன்தான். சிஸ்டர் பீரோவைத் திறந்து, எண்ணி, ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். "இதுல ஒரு கையெழுத்து அக்கா." ரெஜினா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அவள் எப்போதும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். போட்டாள். கையால் தடுக்கலாம். தலையை ஆட்டலாம். தலையை ஆட்டினால், சும்மா இருங்க, ஒங்களுக்கு ஒண்ணுந் தெரியாது என்பாள். பேனா காகிதத்தில் பட்டது.

"வேண்டாம் சிஸ்டர்."

ஐஸ் கட்டி தொண்டையில் இறங்கின மாதிரி இருந்தது அவன் குரல். வாயில் நிரம்பியிருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டது. பெஞ்சில் இருந்த ஊமைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணுனீய! நாக்கத் தூக்குங்க." சிஸ்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "போச்சி. பாதி வயித்துக்குள்ள. வயித்துக்குப் போனா பிரயோசனம் இல்ல, தெரியும்லா? இன்னைக்கி இவ்வளவுதான், மறுபடி குடுக்கப்படாது."

"தெரியும். சரி." உதட்டைத் துடைத்தான். "வீட்டுக்கு வேண்டாம் சிஸ்டர். நான் நாளைக்கி வாரேன். இங்கனயே குடுங்க."

சிஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தாள். கவரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "ராத்திரி ஒடம்பு படுத்தும். ரொம்ப முடியலன்னா கேஷுவாலிட்டிக்கு வந்திருங்க, அண்ணே" என்றாள். வழக்கமான குரல்தான், ஆனால் அண்ணே மட்டும் கொஞ்சம் மெதுவாக.

ரெஜினா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். ஆஸ்பத்திரி வாசல் தாண்டி, இளநீர்க்காரனைத் தாண்டி, ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிட்டதற்கும் நிற்காமல் நடந்தாள். அவன் இரண்டடி பின்னால் போனான். வெயில் ஏறிவிட்டது. உப்புக் காற்று முகத்தில் ஒட்டியது. அவளுடைய வலது செருப்பின் வார் தேய்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தான். பேசித் தீர்த்தால் நல்லது, வைதால் இன்னும் நல்லது, இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தால் ஒன்றும் ஓடவில்லை. இந்நேரம் அவள் மனசில் ரயில் போய்க்கொண்டிருக்கும், அவள் இல்லாமல். திரேஸ்புரம் திருப்பத்தில் சட்டென்று நின்றாள்.

"எல்லார் முன்னாலயும் என்ன ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு ஆக்கிட்டீய."

"ஒன்ன இல்ல."

"பின்ன யார? நான் ஒளிச்சி வைக்க மாட்டேனா?"

"வைப்ப."

"எங்க வச்சாலும் எடுத்திருவீயளோ?"

"எடுத்திருவேன்."

"சீலப் பெட்டிக்குள்ள?"

"அங்கதான் மொதல்ல."

"அரிசிக்குள்ள?"

"அது ரெண்டாவது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மேல வீட்டு அந்தோணியம்மாட்ட குடுத்து வச்சா?"

"போயி, ரெஜினா வாங்கிட்டு வரச் சொன்னான்னு சொல்லுவேன்."

அவள் வாயில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இரண்டுமே முழுசாக வராமல் நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கட்டின பொண்டாட்டிகிட்ட இப்பிடி ஒரு உண்மைய எவனாவது நடுரோட்டுல சொல்லுவானா?" என்றாள். ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.

"நீ போ," என்றான். "ஞாயித்துக்கெழம நீ போயிட்டு வா. நான் எதுக்கு வரலன்னு மக கிட்ட சொல்லிரு. வேல இருக்குன்னு சொல்லாத."

"ஒத்தையில இருப்பீயளா?"

"காலைல இங்க வந்திருவேன். ராத்திரி கம்பெனி. நடுவுல தூங்கப் போறேன், அவ்வளவுதான்."

"தூங்குவீய நல்லா." ஆனால் குரலில் முள் இல்லை. இப்போது அவள் முன்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தாள். "பிள்ளைக்கு மூக்கு ஒங்க மூக்குதான்," என்றாள் கொஞ்ச தூரம் போன பிறகு. "அவகிட்ட சொல்லிராதீய, அவ மாமியா மூக்குன்னு சொல்லிட்டிருக்கா." அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். பிள்ளையைப் பார்க்காமல் போகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முன்னால் கிடந்தது, பெரிதாக, வெறுமையாக. அதைக் கடக்கத்தான் வேண்டும், அதற்கு மறுநாள் திங்கட்கிழமை, அன்றைக்கும் ஒரு டக், ஒரு கரகரப்பு. அவ்வளவுதான் அவனால் யோசிக்க முடிந்தது. அதற்கு மேல் யோசிக்கப் போனால் ஏழு மறுபடி குவியலாகிவிடும்.

வீட்டு முற்றத்தில் அவள் காலையில் போட்டபடி போட்டுவிட்டு வந்த துணி வாளியில் நுரை அடங்கிக் கிடந்தது. ரெஜினா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு போர்வையை அலசித் தூக்கினாள். தண்ணீரில் ஊறினது, ஆள் கனம் கனத்தது. ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டான். அவள் ஒரு பக்கமாக முறுக்க அவன் மறுபக்கமாக முறுக்கினான். போர்வை இருவருக்கும் நடுவில் வடமாக இறுகி, சிமென்ட் தரையில் தண்ணீரைக் கொட்டியது.

"இன்னும் இறுக்கிப் பிடிங்க," என்றாள்.

பிடித்தான். அவள் அதை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுக்க வாளிக்குள் குனிந்தாள்.